முத்தின் பிறப்பும் வகையும் விலையும்

1. தோற்றுவாய்

நவமணிகளுள் முத்தும் பவளமுமே கடல்படுவன, ஏனைய நிலம்படுவன. கடல்படு மணிகளுள்ளும் பவளம் அறுத்துக் கடைந்த பின்னரே அணியாவது. முத்தோ சாணை வேண்டாது, தான் பிறந்தவாறே அணியாவது. ஆகலின் ஏனை மணிகளில் தொழிலாளன் கைத்திறம் விலையிற் பங்கு கொள்ளுதல்போல முத்திற் கொள்ளுதற்கு இடமில்லை. பிறப்பிலமைந்த உருவும் நீரும் நிறையுமே அதன் விலையை வரையறுப்பன. இதனால் முத்தைக் 'காணுதல்' என்னுந் தொழில் பண்டுதொட்டே ஒரு தனிக்கலையாக வளர்ந்தது.

சைவ நன்மக்களுக்கு முத்துப் புதியதன்று. ஆளுடைய பிள்ளையார்க்குத் திருநெல்வாயில் அரத்துறையில் முத்துச்சிவிகையும், திருப்பட்டீச்சரத்தில் முத்துப்பந்தரும் திருவருளாற் கிடைத்த வரலாற்றைப் பெரியபுராணம் ஓதுவார் யாவரும் அறிவர். மதுரையில் இறைவன் மணி வணிகனாய் எழுந்தருளி நவமணிகளின் இலக்கணம் உரைத்தமையைப் பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம் மாணிக்கம் விற்ற படலத்தில் விரிக்கின்றது. தஞ்சை இராசராசேச்சரத்துக் கல்வெட்டுக்களோ, ஆடவல்லார்க்கும் ஏனைத் திருமேனிகளுக்கும் அளித்த அணிகலங்களின் முத்துக்களை எண்ணி, வகுத்து, நிறுத்துக் கல்லிற் பொறித்து வைத்துள்ளன.

இம்மூன்றனுள் முதலிரண்டும் ஓதப்பட்டும் கேட்கப்பட்டும் வருகின்றன. மூன்றாவதோ படிப்பாரின்றிக் கிடக்கின்றது. படிப்பார் சிலரும் அங்குள்ள முத்துப்பெயர்களைக் கண்டவளவில், 'இவை பழைய வணிகர் குழூஉக்குறி' என்று கடந்து போகின்றனர். அப்பெயர்கள் பொருளற்ற குறிகளல்ல என்பதும், அவற்றை இலக்கியங்கொண்டும் சாத்திரங்கொண்டும் பிற்கால வணிகர் வழக்குக்கொண்டும் பெரும்பாலும் விளக்கலாமென்பதும் இக்கட்டுரையிற் காட்டப்படும்.

விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை முதலிய ஊர்களையுடைய எம் பகுதி, 1985ஆம் ஆண்டில் பழைய இராமநாதபுர மாவட்டத்தினின்றும் பிரிந்து தனி மாவட்டமாயிற்று. இது கடலில்லாத கரிசற்பூமி. எனினும், முத்துக் குளித்த தென்கடற்கும் முத்து விற்ற மதுரைக்கும் இடைப்பட்ட நிலம் இதுவே. தூத்துக்குடியினின்றும் மதுரை செல்லும் நெடுஞ்சாலை இன்றும் அருப்புக்கோட்டை வழியாகவே செல்கின்றது. கொற்கையும் கூடலும் ஒரே பாண்டியன் உடைமையாயிருந்த காலத்தை நினையுங்கால், இப்பகுதியார்க்கு முத்தின் வரலாறு அயலார் வரலாறாகாது.

2. பிறப்பிடம்

திருவிளையாடற் புராணம் முத்துக்களைத் தலசம், சலசம் என இருபாலாக வகுத்து, அவை பிறக்குமிடம் பதின்மூன்று என்னும். சங்கு, மேகம், மூங்கில், பாம்பின் தலை, பன்றியின் கொம்பு, வெண்ணெல், இப்பி, மீனின் தலை, கரும்பு, யானையின் கொம்பு, சிங்கத்தின் கை, கற்புடை மகளிர் கழுத்து, கொக்கின் கழுத்து என்பன அவை. இவற்றுள் இறுதி மூன்றும் கிடைத்தற்கரியன என்றும், ஏனைப் பத்திற்கும் நிறமும் தெய்வமும் உண்டு என்றும் அந்நூல் கூறும்.

இவ்வாறு கூறுதல் அப்புராணத்திற்கே உரியதன்று. ஆறாம் நூற்றாண்டினரான வராகமிகிரர் தம் பிருகத்சங்கிதையில் யானை, பாம்பு, இப்பி, சங்கு, மேகம், மூங்கில், மீன், பன்றி என எட்டுப் பிறப்பிடம் கூறி, அவற்றுள் இப்பியிற் பிறப்பதே மிகுதியும் கிடைப்பதென்றும் நல்லதென்றும் முடிப்பர். அவரினும் முற்பட்ட கௌடிலீய அர்த்தசாத்திரமோ சங்கு, இப்பி என்னும் இரண்டை மட்டும் பெயர் சுட்டி, எஞ்சியவற்றைப் பலவகையின என ஒரு சொல்லால் அடக்கிவிடுகின்றது. அரசன் பண்டாரத்திற் கொள்ளத்தக்க பொருளையே கூறவந்த நூலாதலின், அது கையிற் கிடைப்பதைக் கூறியமைந்தது எனலாம். காலஞ் செல்லச் செல்லப் பிறப்பிடங்கள் பெருகினமை இம்மூன்று நூல்களையும் ஒருங்குவைத்து நோக்குவார்க்குப் புலனாம்.

இதுபற்றிச் சிலர் புராணத்தை இகழ்ந்தும், வேறு சிலர் யானைமுத்தும் மூங்கில்முத்தும் உண்டென்றே வாதித்தும் இடர்ப்படுவர். இரண்டும் வேண்டா. அப்படலத்தின் உள்ளுறை வேறு. வீரபாண்டியன் புலியால் இறந்தபின், அவன் காமக்கிழத்தியர் மைந்தர் முடியையும் பண்டாரத்தையும் கவர்ந்தேகினர். முடிபுனைதற்கு மணியின்றி மயங்கிய இளங்குமரனுக்காக இறைவன் வணிகக்கோலங் கொண்டு வந்து மணியளித்து மறைந்தருளினான். அம்முடி புனைந்த குமரனே அபிடேக பாண்டியன். வணிகனாக வந்தோன் வணிகர்க்குரிய நூன்முறை கூறுதல் கோலத்திற்கேற்ற செயல். அந்நூன்முறை அக்காலத்து வழங்கிய மணிநூல்களின் தொகுப்பு, சித்தாந்தப் பொருளன்று. நம் ஆசிரியர்கள் காட்சி, கருதல், உரை என அளவைகளை வகுத்து ஒவ்வொன்றற்கும் எல்லை வரைந்துள்ளனர். காட்சிக்குப் புலனாகும் பொருளிற் காட்சியே வலியுடைத்து.

காட்சியால் அறிந்தது வருமாறு. முத்து, சிப்பியினத்து உயிர்களின் உடம்பிற் பிறப்பது. தென்கடலில் முத்துத் தருஞ் சிப்பியை விலங்குநூலார் பிங்க்டாடா பியுகேட்டா என்பர். சிப்பியின் உடலைப் போர்த்துள்ள மெல்லிய தோலே ஓட்டின் உட்புறத்து ஒளிமிக்க பூச்சைச் சுரப்பது. அத்தோலின் நுண்கூறு சில, ஊறுபாட்டாலோ ஒட்டுயிரின் நுழைவாலோ உடலினுட் புகுந்து ஒரு சிறு பையாக அமையின், அப்பை தன்னகத்தே அப்பூச்சை மேன்மேலும் சுரந்து உறை உறையாகப் பொதியும். வெங்காயத்தின் தோல்போல ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த அவ்வுறைகளே முத்து. சோதி நாளில் வீழ்ந்த மழைத்துளி முத்தாம் என்பது கவிமரபு. மணற்றுகள் புகுந்து முத்தாம் என்பது இக்காலத்தார் மரபு. மணற்றுகளைச் சிப்பி எளிதில் வெளித்தள்ளிவிடுமாதலின் பின்னதும் பெரும்பாலும் பொருந்தாது.

சங்கிலும் முத்துப் பிறக்கும். ஆனால் இப்பிமுத்தின் அடுக்கொளி அதற்கு இல்லை. கௌடிலீயம் சங்கையும் இப்பியையும் பெயர் சுட்டியது காட்சியோடு பொருந்துகின்றது.

3. சலாபம்

முத்துக்குளிப்பைத் தென்கடற்கரையார் சலாபம் என்பர். சிப்பி படியும் கடலடிப் பாறைத்திட்டுக்குப் 'பார்' என்று பெயர். தூத்துக்குடிக்கெதிரே தொலாயிரம் பார் முதலியனவும், ஈழக்கரையில் மன்னார்க்குத் தெற்கே பெரிய பார், செவல் பார் முதலியனவும் புகழ்பெற்றவை.

இக்கடலின் முத்தை உலகறிந்த காலம் மிகப் பழமையானது. கௌடிலீயம் முத்துக்குரிய இடங்கள் பத்தினை எண்ணுங்கால் தாம்பிரபர்ணிகத்தை முதலிலும் பாண்டியகவாடகத்தை இரண்டாவதாகவும் வைத்தது. பிருகத்சங்கிதையின் எட்டிடங்களுள்ளும் சிங்களம், தாமிரபருணி, பாண்டியவாடகம் என்பன உள்ளன. மெகஸ்தனீசின் நூலைத் தழுவி எழுதிய அரியன் என்னும் யவனாசிரியர், எரகிளீசு தன் மகள் பண்டேயாவிற்கு அணியாகக் கடல்தோறும் முத்துத் தேடினான் என்னுங் கதையைக் கூறி, இந்தியாவில் முத்து, தூய பொன்னின் எடையினும் மும்மடங்கு பெறும் என்பர். பண்டேயா என்னும் பெயர் பாண்டியரைக் குறிப்பதென்பது அறிஞர் பலர் துணிபு.

கி.பி. முதல் நூற்றாண்டினதான பெரிப்புளூசு என்னும் கடல்வழி நூல், கொற்கையில் தண்டனை பெற்ற குற்றவாளிகளைக்கொண்டு முத்துக் குளிப்பித்தனர் எனக் கூறுகின்றது. பாரசீகக் குடாவின் முத்து மிகுதியாயினும் இந்திய முத்திற்குத் தாழ்ந்ததென்றும் அந்நூல் கூறும். சங்கச் செய்யுட்கள் கொற்கை முத்தைப் பலவிடத்தும் புகழ்ந்துள்ளன. மதுரைக்காஞ்சியும் அகநானூறும் சான்றாம். அவ்வூர் இன்று கடலினின்றும் சில கல் உள்வாங்கி, தாமிரபருணிக் கழிமுகத்து ஒரு சிற்றூராக நிற்கின்றது. கால்டுவெல் இதன் பழமையை எடுத்துக்காட்டினார். 1968-69இல் தமிழகத் தொல்பொருள் துறையினர் அங்கு அகழ்ந்தனர்.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, சித்திரை தொடங்கி வைகாசி முற்பகுதி வரையிற் சலாபம் நடந்ததையும், எடுத்ததிற் பத்திலொன்று அரசனுக்கும், கொடுமீன்களை மந்திரத்தாற் கட்டுவார்க்கு இருபதிலொன்றும் சென்றதையும் எழுதியுள்ளார். பாண்டிய மன்னன் 104 முத்தும் மாணிக்கமும் கோத்த வடம் பூண்டு, அதனை எண்ணி நாடோறும் மந்திரம் உருவேற்றினான் என்பதும் அவர் கண்ட செய்தி. மந்திரத்தால் மீனைக் கட்டுவோன் பிற்காலத்தும் 'கடல்கட்டி' என்னும் பெயரோடு சலாபந்தோறும் இருந்தான். 1658இல் ஒல்லாந்தர் பறங்கியரிடமிருந்து தூத்துக்குடியைக் கைப்பற்றினர். பின்னர் அது ஆங்கிலேயர் வசமாயிற்று. அரசு மாறியதேயன்றிக் குளிப்புமுறை மாறியதில்லை.

அம்முறை இது. தோணியினின்றும் கயிற்றிற் கட்டிய கல்லின்மேற் காலூன்றிக் குளியாளி இறங்குவன். ஐந்து முதல் பத்துப் பாகம் வரை ஆழம். ஏறத்தாழ ஒரு நிமிடத்திற்குள் கைக்கெட்டிய சிப்பியை வலைக்கூடையிற் சேர்த்துக் கயிற்றை அசைப்பன். தோணியிலுள்ள துணையாள் இழுப்பன். ஒருவன் உயிர் மற்றொருவன் கையிலுள்ள கயிற்றளவில் நிற்பது. மூக்கிலும் செவியிலும் குருதி வடிய மேலேறுதல் உண்டு. சுறாவின் அச்சமும் உண்டு. கரைசேர்ந்த சிப்பியை ஆயிரங்கணக்காகக் குவித்து ஏலமிடுவர். வாங்கியவர் வேலியடைத்த இடத்தில் வெயிலிற் போட்டு அழுகவிட்டு, பின் நீரிற் கழுவி அரித்து முத்தெடுப்பர். வாயடைத்த சிப்பியை வாங்குவோன் உள்ளிருப்பதை அறியான். ஆகலின் ஏலவிலை என்பது முத்தின் விலையன்று, நம்பிக்கையின் விலை.

4. வகை

எடுத்த முத்து வணிகன் கைக்கு வந்தபின் வகுக்கப்படும். வகுத்தற்கு அடிப்படை மூன்று: பருமன், உரு, நீர்.

பருமனை அறிதற்குப் பித்தளைச் சல்லடைகள் பத்து இருந்தன. அவற்றின் கண்கள் முறையே 20, 30, 50, 80, 100, 200, 400, 600, 800, 1000. கண்ணின் தொகை பெருகப் பெருகக் கண் சிறிதாகும். முதல் நான்கிற் தங்கியவை 'மேல்' என்றும், 100 முதல் 800 வரையுள்ளவற்றில் தங்கியவை 'வடிவு' என்றும், கடைசிச் சல்லடையில் நின்றவை 'தூள்' என்றும் பெயர்பெறும். சிவகாசிப் பக்கத்து வெடிமருந்துப் பொடிகளைச் சலித்து நயம் பிரிப்பாரைக் கண்டவர்க்கு இம்முறை எளிதில் விளங்கும். பொருள் வேறாயினும் கருவியும் கருத்தும் ஒன்றே.

பருமன் பிரித்தபின் உருவும் நீரும் நோக்கி ஒவ்வொன்றையும் தனித்தனி வகுப்பர். உருட்சியும் ஒளியும் ஒருங்கே நிரம்பியது ஆணி. ஒன்றிற் சிறிது குறைந்தது அதனை அடுத்த வகை. இரண்டினும் குறைந்தது அதன் கீழ். மேலும் குறைந்தது களிப்பு. வளைந்து மடிந்தது மடங்கு. மிகச் சிறிதாய் உருக்கெட்டது குறள். 'ஆணிமுத்து' என்று நாம் உலகவழக்கிற் கூறுவது இவ்வகுப்பின் தலைமைப் பெயரே.

இனித் தஞ்சைக் கல்வெட்டை நோக்குவோம். இராசராசன் 985 முதல் 1014 வரை ஆண்டவன். கோயில் 1010இல் நிறைவெய்தியது. பாண்டிநாடும் ஈழத்தின் பெரும்பகுதியும் அவன் ஆட்சியில் இருந்தமையின் சலாபத்தின் இருகரையும் அவன் கையில் இருந்தன. அவனும், அவன் தமக்கையார் குந்தவையாரும், தேவியரும் அளித்த அணிகலங்களில் வரும் முத்தின் பெயர்களாவன: வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, நிம்பொளம், பயிட்டம், அம்புமுது, கறடு, இரட்டை, சப்பத்தி, சக்கத்து, குளிர்ந்த நீர், சிவந்த நீர் முதலியன. தோல் கெட்டனவும் தனியே சுட்டப்படுகின்றன.

இவற்றைத் தனித்து நோக்குவார்க்கு மயக்கம் விளையும். பிறநூல்களோடு ஒருங்கு வைப்பார்க்குத் தெளிவு பிறக்கும்.

முதலாவது, வட்டமும் அனுவட்டமும். வட்டம் என்பது முழு உருட்சியுடையது. அனுவட்டம் வட்டத்தைப் பின்பற்றிச் செல்வது, அஃதாவது உருட்சியிற் சிறிது குறைந்தது. கௌடிலீயம் நன்முத்தின் குணங்களாகப் பருமை, வட்டம், தங்காது உருளுதல், ஒளி, வெண்மை, கனம், மென்மை, உரியவிடத்துத் துளையுண்டமை என்பனவற்றைக் கூறும். அங்குள்ள 'விருத்தம்' இங்குள்ள வட்டமாம். சிலப்பதிகாரத்து ஊர்காண்காதை, மதுரை மணிக்கடைத் தெருவைக் கூறுமிடத்து முத்துத்தொகுதியை வட்டம் என்னுஞ் சொல்லாற் குறித்தது. ஆகவே, இச்சொல் கல்தச்சன் புனைந்ததன்று. கூலவீதியிற் கேட்ட சொல்லே கோயிற் சுவரில் ஏறியது.

இரண்டாவது, குளிர்ந்த நீரும் சிவந்த நீரும். முத்தின் ஒளியை 'நீர்' என்றல் நம் வணிகர் வழக்கு. இன்றும் மணிவிற்போர் நீரோட்டம் என்பர். ஆயின் ஒளிக்குக் குளிர்ச்சியும் சிவப்பும் யாங்ஙனம் வந்தன எனின், அதற்கும் ஊர்காண்காதையே விடைகூறும். அங்கு நன்முத்தின் நீர்மைக்குத் திங்களும் குருவும் செவ்வாயும் உவமையாயின. திங்களின் தண்ணொளி போல்வது குளிர்ந்த நீர். செவ்வாய் மீனின் ஒளிபோலச் சிறிது செம்மை கலந்தது சிவந்த நீர். உவமை காப்பியத்தில் நின்றது. பொருள் கல்வெட்டில் நின்றது. ஒன்றையொன்று விளக்குதற்கு இடையே நூற்றாண்டுகள் பல கடந்தும் சொல் மாறவில்லை.

மூன்றாவது, கறடும் இரட்டையும் சப்பத்தியும். கௌடிலீயம் முத்தின் குற்றங்களை எண்ணுங்கால் இரட்டையாய் ஒட்டியது, கரடுமுரடானது, ஆமைபோன்ற உருவுடையது, பிறைபோன்றது, மேலுறை தடித்தது, பழுதாகத் துளையிட்டது எனப் பலவற்றைக் கூறுகின்றது. இரட்டையும் கறடும் அவ்வாறே கல்வெட்டில் உள. சப்பத்தி என்பது தட்டையானதாகல் வேண்டும். 'சப்பட்டை' என்னும் வழக்குச்சொல் அதற்குத் துணை. நிம்பொளம் என்பது வேப்பங்கொட்டை போல நீண்டுருண்டதென்று கொள்ளுதற்கு 'நிம்பம்' என்னும் முதற்சொல் இடந்தருகின்றது.

நான்காவது, ஒப்புமுத்து. இதனை மெருகிட்ட முத்தெனக் கல்வெட்டுத் தொகுதியின் ஆங்கிலப் பெயர்ப்புக் கூறும். ஒப்பமிடுதல் என்பது மெருகிடுதலாதலின் அப்பொருள் சொல்லாற் பொருந்தும். ஆயினும், முத்து சாணை வேண்டாப் பொருளாதலும், ஒரு வடத்திற் கோக்க ஒத்த பருமனும் ஒத்த நீரும் உடையவற்றைத் தேடிச் சேர்த்தலே வணிகர்க்கு அரியதாதலும் நோக்குமிடத்து, ஒன்றோடொன்று ஒத்த முத்து எனக் கோடலும் அமையும். இரண்டனுள் பின்னதே எமக்கு வலியுடையதாகத் தோன்றுகின்றது. தனித்தனியே விலைபெறும் இரு முத்துக்கள் ஒத்த இணையாயின் அவ்விரண்டின் கூட்டுவிலையினும் மிகுதி பெறுதல் மணிவணிகர் யாவரும் அறிந்தது.

ஊர்காண்காதையின் நான்கு குற்றங்களையும் ஈண்டு நினைவுகூர்தல் தகும். காற்று, மண், கல், நீர் என்பவற்றால் முத்திற்குக் குற்றம் வரும் என்பது நூல். உரைகாரர் அவற்றைக் காற்றேறு, மணலேறு, கல்லேறு, நீர்நிலை என்பர். முத்தின் உறைகளிடையே வெற்றிடம் அமைதலும், அயற்பொருள் அகப்படுதலும், ஈரத்தால் ஒளி மங்குதலும் இன்றும் கருவிகொண்டு காண்பார் கூறும் குற்றங்களே. உறையைப் பிணைக்கும் பசைப்பொருள் உயிரின் சுரப்பாகலின் வியர்வையும் புளிப்பும் முத்தைக் கெடுக்கும். கல்வெட்டிற் 'தோல்' கெட்டனவாகக் குறித்தவை இத்தகையன என்க.

5. நிறையும் விலையும்

தஞ்சைக் கல்வெட்டுக்கள் பொன்னை ஆடவல்லான் என்னும் கல்லாலும், மணிகளைத் தட்சிணமேருவிடங்கன் என்னும் கல்லாலும் நிறுத்ததாகக் கூறும். கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்பன நிறைப்பெயர். இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி. இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. சரடு நீக்கி நிறுத்ததா, அரக்கும் சட்டமும் உட்பட நிறுத்ததா என்பதும் குறிக்கப்படும். இறைவன் திருப்பெயரே நிறைகல்லின் பெயராயினமை, நிறையிற் பொய் புகாமைக்கு அக்காலத்தார் கொண்ட காப்பு.

நிறையினின்றும் விலை காணுமாறு தனிக் கணக்குடையது. பொன் இருமடங்கு நிறுக்கின் விலையும் இருமடங்காம். முத்து அவ்வாறன்று. பிருகத்சங்கிதை கூறும் விலையைக் காண்க: நற்குணமுடைய முத்து ஒன்று நான்கு மாடை நிறுப்பின் 5300 கார்ஷாபணம், மூன்றரைக்கு 3200, மூன்றுக்கு 2000, இரண்டரைக்கு 1300, இரண்டுக்கு 800, ஒன்றரைக்கு 353, ஒன்றுக்கு 135. நான்கு மாடை முத்து, இரண்டு மாடை முத்தினும் நிறையில் இருமடங்கே. விலையிலோ ஆறு மடங்கிற்கும் மேல். இரண்டு மாடைக்கும் ஒன்றுக்கும் இடையிலும் ஏறத்தாழ ஆறு மடங்கு வேற்றுமை. அரியன் கூறிய 'பொன்னின் மும்மடங்கு' என்பது ஒரு மதிப்பளவேயன்றி, வணிகர் கணக்காகாது.

பிற்காலத்துத் தென்கடல் வணிகர் இதனைச் 'செவ்வு' என்னும் அளவாற் கணக்கிட்டனர். முத்தின் நிறையை மஞ்சாடியிற் கண்டு, அதனை அதனாற் பெருக்கி, வந்ததில் முக்கால் கொண்டு, முத்தின் தொகையால் வகுக்க, வருவது செவ்வு. நான்கு மஞ்சாடி நிறையுள்ள ஒரே முத்தாயின், நான்கை நான்காற் பெருக்கப் பதினாறு. அதில் முக்கால் பன்னிரண்டு. ஆகவே பன்னிரண்டு செவ்வு. அந்நான்கு மஞ்சாடியே இரண்டு ஒத்த முத்தாயின் ஆறு செவ்வு. நான்கு முத்தாயின் மூன்று செவ்வு. நிறை ஒன்றே, முத்துப் பலவாகப் பலவாகச் செவ்வு குறையும். ஆணிக்கு ஒரு செவ்வின் விலை மிகுதி, களிப்பிற்குக் குறைவு. இங்ஙனம் பருமன் கணக்கினுள்ளும், உருவும் நீரும் விலையினுள்ளும் அடங்கின.

பம்பாய் வணிகர் இதனைச் 'சவ்' என்பர். இரத்தி நிறையின் வர்க்கத்தை 55ஆற் பெருக்கி 96ஆல் வகுப்பர். பெயரின் ஒலியொற்றுமையும் கணக்கின் முறையொற்றுமையும் நோக்கத்தக்கன. ஐரோப்பியரும் 50 மில்லிகிராம் நிறையுள்ள 'கிரெயின்' என்னும் அளவின் வர்க்கத்தையே அடிப்படையாகக்கொண்டு விலை பேசினர். பருத்த முத்து அருகிப் பிறத்தலின், அருமைக்கேற்ப விலை ஏறுதல் எந்நாட்டார்க்கும் பொதுவாயிற்று.

6. பிற்கால நிலை

ஈழக்கரையில் 1905இல் நடந்த சலாபத்தில் எட்டுக்கோடிக்கு மேற்பட்ட சிப்பி எடுக்கப்பட்டு, ஏறத்தாழ இருபத்தைந்து இலட்ச ரூபாய் அரசிற்கு வந்தது. அவ்வூதியங் கண்டு, 1906இல் ஓர் ஆங்கிலக் கூட்டத்தார் இருபதாண்டு குத்தகை பெற்றனர். 1907க்குப்பின் பார்களிற் சிப்பி அற்றுப்போக அவர் இழந்து நீங்கினர். தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை தொடர்ந்து சலாபம் நடந்தது. 1961க்குப்பின் இன்றுவரை நடக்கவில்லை. சிப்பிக்குஞ்சு பாரிற் படிவதும், படிந்தது ஐந்தாறாண்டு வளர்வதும் நீரோட்டத்தையும் பகைமீன்களையும் பொறுத்தன; பழங்காலத்தும் பல்லாண்டு வறண்டு சிலவாண்டு விளைதல் இக்கடலின் இயல்பே. ஆயினும் இத்தனை நீண்ட வறட்சி, குளியாளி மரபையும் முத்துக்காணும் மரபையும் ஒருங்கே அறுத்துவிட்டது.

இடையே சப்பானியர் சிப்பியின் உடலிற் சிறுமணியைப் புகுத்தி முத்து விளைக்குங் கலையைக் கண்டனர். மிக்கிமோட்டோ 1893இல் அரைமுத்து விளைத்தார். பின்னர் உருண்ட முத்தும் வந்தது. 1920க்குப்பின் அது சந்தையை நிரப்ப, இயற்கை முத்தின் பழைய விலை வீழ்ந்தது. தூத்துக்குடியில் நடுவண் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்து அழகர்சாமி என்னும் அறிஞர் 1973இல் நம் கடற்சிப்பியிலேயே உருண்ட வளர்ப்புமுத்து விளைத்துக் காட்டினார்.

வளர்ப்புமுத்தும் சிப்பி சுரந்ததே. ஆகலின் அது போலியன்று. எனினும் இயற்கை முத்து நடுவுவரை உறையாலாயது. வளர்ப்புமுத்தோ நடுவே ஓட்டாற் செய்த மணியும் மேலே மெல்லுறையும் உடையது. கண்ணால் இதனைப் பகுத்தல் அரிது. ஊடுகதிரால் நோக்குவார் அறிவர். கண்ணாடி மணிமேற் பூச்சிட்டதே போலி. பல்லில் மெல்ல உரசின் போலி வழுக்கும். மற்றை இரண்டும் நறநறக்கும். இயற்கை முத்தை இன்று பெரிதும் பேணுவது பஃரைன் நாடு. பெரிப்புளூசு தாழ்ந்ததென்ற குடாக்கடல் முத்து இன்று தலைமை பெற்றது. உயர்ந்ததென்ற நம் முத்தோ பழைய பேழைகளிலும் கோயிற் பண்டாரங்களிலுமே எஞ்சியுள்ளது.

7. முடிபு

மேற்கூறியவாற்றால், இப்பியே முத்தின் பிறப்பிடம் என்பதும், பருமன், உரு, நீர் என்னும் மூன்றே வகையின் அடிப்படை என்பதும், நிறையின் வர்க்கத்தைத் தழுவி விலை ஏறுதல் பழைய முறையென்பதும், தஞ்சைக் கல்வெட்டின் பெயர்கள் சிலப்பதிகாரத்தாலும் கௌடிலீயத்தாலும் பெரும்பாலும் விளங்குவன என்பதும் பெறப்பட்டன. பயிட்டம், அம்புமுது, சக்கத்து என்னும் மூன்றற்கும் இன்னும் விளக்கம் வேண்டும். தென்கடற்கரையில் முத்துத்தொழில் செய்த குடும்பத்து முதியோர் வாய்ச்சொல்லில் இவற்றின் சாயல் இருத்தல் கூடும். அவர் மறைந்தபின் அச்சொல் எங்கும் அகப்படாது. ஆகலின், அக்கரையிலுள்ள அன்பர்கள் அவற்றைக் கேட்டு எழுதிவைத்தல் இன்றே செய்யத்தக்க பணி.

இன்னும் ஒன்று கூறி அமைவாம். இராசராசன் தான் வணங்கிய பெருமானுக்கு அளித்த அணியில் வட்டமுத்தும் குளிர்ந்த நீருமே இருந்தனவென்று எழுதியிருக்கலாம், தடுப்பார் எவருமிலர். அவனோ கறடு இது, இரட்டை இது, தோல் கெட்டது இது என்று குறையையும் நிறையையும் ஒப்ப எழுதுவித்தான். உள்ளத்தை அறிவான் முன்னிலையில் கணக்கை மறைத்துப் பயனில்லை என்பதை அவன் அறிந்திருந்தான். கோயில் அணிகலங்களைப் பட்டியலெழுதுவோர் 'முத்துமாலை ஒன்று' என்று ஒரு தொடரில் முடித்துவிடாமல், எண்ணும் நிறையும் உருவும் நீரும் குற்றமும் தனித்தனி குறித்து வைப்பாராயின், அக்கல்லெழுத்தின் வழிநின்றவராவர். பின்வருவோர்க்கு ஒரு சொல்லும் ஒரு முத்தும் மயங்காது நிற்கும்.